சிறுவர் கராத்தே, சிலம்ப வகுப்பு: பத்து நிமிட வார்ம்-அப்புக்கு எதை எடுப்பது, எதை விடுவது?

வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், 20 முதல் 30 பிள்ளைகள், ஒரே மாஸ்டர். தமிழ்நாட்டில் பெரும்பாலான சிறுவர் கராத்தே, டேக்வாண்டோ, சிலம்ப வகுப்புகளின் நிலவரம் ஏறக்குறைய இதுதான். வணக்கம் வைத்து, வரிசை கட்டி, வருகை எடுக்கவே ஐந்து நிமிடம் ஓடிவிடும். மிச்சத்தில் வார்ம்-அப்புக்கு 10 நிமிடம் ஒதுக்கலாம். 12 ஆனாலும் குற்றமில்லை. 20 ஆகிவிட்டால் அன்றைய பாடம் அடிபடும்.

அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று வேலை நடக்க வேண்டும். மூச்சும் ரத்த ஓட்டமும் கூடி உடம்பு சூடேற வேண்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால், தோள் மூட்டுகள் அன்றைய பாடத்துக்கு வேண்டிய அளவு அசைந்து கொடுக்க வேண்டும். அடுத்து வேகமாகச் செய்யப்போவதை உடம்பு ஒருமுறை மெதுவாகச் செய்து பார்த்திருக்க வேண்டும். சிறுவர் வகுப்பில் நான்காவதாக ஒன்றும் உண்டு: நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்த பிள்ளையின் கவனத்தை வகுப்புக்குள் இழுத்து வருவது. களைப்பாக்குவது இந்தப் பட்டியலில் கிடையாது. வார்ம்-அப்பிலேயே கால் தள்ளாடும் பிள்ளை அதற்குப் பிறகு போடும் கிக் எல்லாம் தப்பான கிக்காகத்தான் இருக்கும். அந்தத் தப்பே பழக்கமாகவும் ஆகிவிடும்.

எந்தப் பயிற்சியை எடுத்தாலும் முதலில் போட வேண்டிய கணக்கு, பிள்ளைகள் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார்கள் என்பது. 24 பேர் ஒரே வரிசையில் நின்று, ஒவ்வொருவராக ஐந்து மீட்டர் தூரத்தை 8 விநாடியில் கடக்கிறார்கள் என்று வையுங்கள். வரிசை முழுதும் முடிய 192 விநாடி. மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடிய சுற்றில் ஒரு பிள்ளை அசைந்தது வெறும் 8 விநாடி. மீதி நேரம் முன்னால் நிற்பவன் பெல்ட்டை இழுத்துக்கொண்டிருப்பான். அதே 24 பேரை வரிசைக்கு நான்கு பேராக ஆறு வரிசை ஆக்கினால் ஒரு சுற்று 32 விநாடியில் முடியும். அதே மூன்று நிமிடத்தில் ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு முறை கிடைக்கும். வார்ம்-அப் சரியில்லை என்று குறைப்படும் பல வகுப்புகளில் பயிற்சியில் கோளாறு இருக்காது, வரிசையில்தான் இருக்கும்.

கிரவுண்டைச் சுற்றி ஓட்டம், பிறகு ஸ்ட்ரெட்ச்சிங்

எங்கும் புழங்கும் முறை இது. கருவி வேண்டாம், விளக்கம் வேண்டாம், 60 பேரையும் ஒரே குரலில் நடத்திவிடலாம். ஆசான் வருகைப் பதிவேட்டை முடித்துக்கொள்ளவும் வசதி. இதைத் தவிர இதற்குச் சொல்ல அதிகம் இல்லை.

ஐந்து சுற்று என்று சொன்னால் 12 வயதுப் பையன் முதலில் முடித்துவிட்டு நின்று உடம்பு ஆறுவான். 6 வயதுக் குழந்தை மூச்சிரைக்க மூன்றாவது சுற்றில் இருக்கும். ஓட்டத்தைச் சுற்றுக் கணக்கில் விடாமல் நேரக் கணக்கில் விட்டாலே இது பாதி சரியாகும்: மூன்று நிமிடம் ஓட்டம், 20 விநாடிக்கு ஒருமுறை விசில், விசிலுக்கு விசில் நடை மாற்றம். முழங்கால் உயர்த்தி, குதிகால் பின்னால் தட்டி, பக்கவாட்டில் தாவி, மறுபடி சாதாரண ஓட்டம். கூட்டத்தில் பின்னோக்கி ஓடவிட வேண்டாம். பின்மண்டை மோதுவது அதில்தான்.

ஓடி முடித்தபின் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிக்கும் பகுதிதான் கூடுதல் கேள்விக்குரியது. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அடுத்த சில நிமிடங்களுக்கு அந்தத் தசையின் வேகமும் விசையும் சற்றுக் குறையும். பத்துப் பதினைந்து விநாடி பிடித்தால் கெடுதல் இல்லை, பெரிய பயனும் இல்லை. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஏறிய சூடு இறங்கிவிடுவதுதான் மிச்சம். வளைவுத்தன்மைக்கான நீண்ட இழுப்பை வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளிவிடுங்கள். சூடான தசை அப்போது இன்னும் நன்றாகவே ஒத்துழைக்கும்.

ஸ்ப்லிட் (இரு காலையும் தரையோடு விரித்து) உட்காரும் பிள்ளையின் தோளில் மாஸ்டரோ மூத்த மாணவரோ கைவைத்து அழுத்துவதை எந்த நேரத்திலும் செய்யக்கூடாது. வளரும் வயதில் தொடைத் தசைகள் இடுப்பெலும்பில் ஒட்டும் முனைகள் இன்னும் முழுசாக எலும்பாகியிருக்காது. திடீர் இழுப்பில் பெரியவர்களுக்குத் தசை பிடித்துக்கொள்ளும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு அந்த முனை துண்டாகப் பெயர்ந்துவரக்கூடும். தொடையிடுக்கில் ‘டொக்’ என்ற சத்தமும் உடனே நடக்க முடியாத வலியும் வந்தால் தைலம் தேய்த்து உட்கார வைக்க வேண்டாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

தொட்டுப் பிடிக்கும் விளையாட்டுகள்

5 முதல் 9 வயது வரை, உடம்பைச் சூடாக்க இதைவிட வேகமான வழி இல்லை. யாரும் வரிசையில் நிற்பதில்லை. திசை மாற்றுவது, நின்று கிளம்புவது, எதிரியின் தோளைப் பார்த்து அவன் போகும் பக்கத்தைக் கணிப்பது எல்லாமே ஸ்பாரிங்கிலும் (ஜோடியாக மோதிப் பழகுவதிலும்) தேவைப்படுபவை. நம் தெரு விளையாட்டுகளே போதும்; ‘லாக் அண்ட் கீ’க்கு விதி சொல்லித்தர வேண்டிய பிள்ளை தமிழ்நாட்டில் அரிது. அகப்பட்டவன் நிற்கும் நிலையை மட்டும் மாற்றுங்கள்: கராத்தேயில் குதிரை நிலை (கால் அகட்டி, முழங்கால் மடக்கித் தாழ்ந்து நிற்பது), சிலம்பத்தில் கால் அகட்டிய நிலை, டேக்வாண்டோவில் ஒற்றைக்கால். ஒருவர் தொட்டு விடுவிக்கும் வரை அதே நிலையில் நிற்க வேண்டும். இப்படி ஆட்டத்துக்குள்ளேயே பாடம் நுழைந்துவிடும்.

20 பேருக்கு எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் இடம் வேண்டும். எல்லைக் கோடு சுவரிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளி இருக்கட்டும். சுவரையே எல்லையாக வைத்தால் பிள்ளைகள் அதில் கையூன்றித்தான் நிற்பார்கள், மணிக்கட்டு போகும். ஒரு சுற்று 45 விநாடி, இடைவெளி 15, மொத்தம் நான்கு சுற்று. பிடிப்பவர் குறைந்தது மூன்று பேர். ஒருவரே பிடித்தால் முக்கால்வாசிப் பேர் மூலையில் வேடிக்கை பார்ப்பார்கள்.

‘அவுட்டானவர் வெளியே உட்காருங்கள்’ என்ற விதியை வைக்காதீர்கள். முதலில் அவுட்டாவது எப்போதும் மெதுவாக ஓடும் பிள்ளைதான். அதிகம் ஓட வேண்டியதும் அதே பிள்ளைதான். அவுட்டானால் ஐந்து பஸ்கி போட்டுவிட்டு உள்ளே திரும்பலாம் என்று வையுங்கள்.

இதிலேயே இரண்டு வகை தனியாகச் சொல்லத்தக்கவை. ஒன்று வால் பறித்தல்: ஒரு முழத் துணியை இடுப்புக்குப் பின்னால் பெல்ட்டில் செருகிக்கொண்டு, தன் வாலைக் காத்தபடியே பிறர் வாலைப் பறிப்பது. துணியை முடிச்சுப் போட்டுக் கட்டக்கூடாது, செருகத்தான் வேண்டும். கட்டியிருந்தால் பறிப்பவன் ஆளையே இழுத்துத் தள்ளிவிடுவான். மற்றது ஜோடியாக எதிரெதிர் நின்று தொடும் ஆட்டம். விரிந்த உள்ளங்கையால் எதிரியின் முழங்காலைத் தொட்டால் ஒரு புள்ளி, 30 விநாடிக்கு ஒருமுறை ஜோடி மாற்றம். தூரத்தைக் கணிக்க இதைப்போல் கற்றுத்தருவது வேறில்லை. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தால் நெற்றி மோதும். எனவே 8 வயதுக்குக் கீழ் முழங்காலுக்குப் பதில் தோளைத் தொடச் சொல்லுங்கள். மூத்த பிள்ளைகள் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தாழ வேண்டும். ஒரு கை எப்போதும் முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டும்.

தொட்டுப் பிடித்தல் தோற்கும் இடமும் உண்டு. ஈரமான மொட்டைமாடி, சாக்ஸ் போட்ட கால், வழவழ டைல்ஸ் இந்த மூன்றில் எது இருந்தாலும் வேறு பயிற்சிக்குப் போய்விடுங்கள். சிலம்ப வகுப்பில் கம்புகள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். தரையில் கிடக்கும் கம்பை மிதித்தால் அது உருளும். கணுக்கால் பிசகுவதற்கு அது போதும். இன்னொரு குறை, ஆட்டம் முடிந்தபின் வகுப்பை அடக்குவது. கடைசிச் சுற்று முடிந்ததும் குதிரை நிலையில் நிற்க வைத்து, மூக்கால் இழுத்து வாயால் விடும் ஐந்து மூச்சு. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்து அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

விலங்கு நடைகள்

கரடி, நண்டு, தவளை, உடும்பு, புழு. கையும் தோளும் வயிற்றுத் தசையும் வேலை செய்வது மற்ற எதையும்விட இதில்தான் அதிகம். ஜூடோ, பிடிவரிசை (ஆளைப் பிடித்து மடக்கும் தமிழர் கலை) என்று உடம்போடு உடம்பு உரசும் கலைகளுக்கு இதுவே முதல் தேர்வு. ஐந்து மீட்டர் தூரம், ஒரு நடைக்கு இரண்டு முறை, மூன்று நடை போதும்.

கரடி நடையில் முழங்கால் தரையைத் தொடக்கூடாது. இடுப்பு வானத்துக்கு உயரவும் கூடாது, முதுகு ஓரளவு மட்டமாக இருக்க வேண்டும். வலக்கையோடு இடக்கால் போக வேண்டும். பல பிள்ளைகள் ஒரே பக்கக் கை காலை நகர்த்துவார்கள். பாதி வேகத்துக்குக் குறைத்தால் தானே சரியாகும். நண்டு நடையில் விரல்கள் பின்னோக்கித் திரும்பியிருந்தால் சில பிள்ளைகளுக்கு மணிக்கட்டு வலிக்கும், பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள். தவளையில் பிள்ளை குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்கின்றனவா என்று பாருங்கள். சாய்ந்தால் தூரத்தைக் குறைத்து, சத்தமில்லாமல் இறங்கச் சொல்ல வேண்டும். ‘முழங்காலை வெளியே தள்ளு’ என்பது 6 வயதுக்குப் புரியாது. ‘சத்தம் வரக்கூடாது’ என்பது புரியும், பலனும் அதேதான்.

தரைதான் இதன் பலவீனம். சொரசொர சிமென்ட்டில் உள்ளங்கை தோலுரியும். சித்திரை வெயிலில் காய்ந்த மாடியில் மாலை ஆறு மணிக்கும் கை வைக்க முடியாது. மேட் இல்லாத இடத்தில் இதை வலிந்து செய்ய வேண்டியதில்லை. 11, 12 வயதில் சிலருக்கு இது சின்னப்பிள்ளைத்தனமாகப் படும். பெயரை விட்டுவிட்டு அசைவை மட்டும் கொடுத்தால் அவர்களும் செய்வார்கள். பழைய வாத்து நடையை, அதாவது முழுதாகக் குந்தியபடி நடப்பதைக் கைவிடலாம். மடங்கிய முழங்காலில் முழு எடையையும் ஏற்றித் திருப்புகிற நடை அது. அதனால் கிடைக்கும் பலன் எல்லாம் பஸ்கியிலும் கிடைக்கும்.

ஸ்கிப்பிங்

காலடி வேகத்துக்கும் முன்பாதத்தில் நிற்கும் பழக்கத்துக்கும் அருமையானது. இடமும் குறைவாகத்தான் எடுக்கும். ஆனால் இதை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்க முடியாது. 7 வயதுக்குக் கீழ் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கையும் காலும் ஒன்று சேராது; பத்து நிமிடமும் சிக்கு எடுப்பதிலேயே போகும். அவர்களுக்குக் கயிற்றைத் தரையில் நேராகப் போட்டு, இருபுறமும் மாறி மாறித் தாவச் சொல்வது மேல்.

கயிற்றின் நடுவை மிதித்து நின்றால் இரு முனையும் அக்குள் வரை வர வேண்டும். நீளமாக இருந்தால் கையில் சுற்றிக் குறைக்காமல் முடிச்சுப் போடுங்கள். 20 விநாடி தாண்டல், 20 விநாடி ஓய்வு, ஆறு முறை. நிமிடத்துக்கு 100 தாண்டல் என்று வைத்தாலும் இதற்குள் 200 முறை கால் தரையில் விழுகிறது. வாரத்துக்கு இரண்டு வகுப்பு, அதுவும் சிமென்ட் தரை. 8 முதல் 12 வயதில் குதிகால் வலி, 10 முதல் 15 வயதில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே புடைத்து வலிப்பது இரண்டும் எலும்பு வளரும் இடங்களில் தசைநார் இழுப்பதால் வருபவை. குதிப்பால் அவை அதிகமாகும். ‘ஓடினால் குதிகால் வலிக்கிறது மாஸ்டர்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அது சோம்பேறித்தனம் அல்ல. அந்தப் பிள்ளைக்கு ஸ்கிப்பிங் கிடையாது. வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும்.

நொண்டியும் பாண்டியும்

கராத்தே, டேக்வாண்டோ வகுப்புகளில் இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. கிக் என்பதே ஒற்றைக்காலில் நின்றுகொண்டு செய்யும் வேலை. பாண்டிக் கட்டத்தில் ஒற்றைக்காலில் இறங்கி, நிலைத்து, குனிந்து சில்லை எடுத்து நிமிரும் பிள்ளைக்கு முன் கிக்குக்கு வேண்டிய சமநிலை தானாக வருகிறது. ஒரு சாக்பீஸ் இருந்தால் போதும்.

இங்கே மறுபடி வரிசைக் கணக்குதான் எதிரி. ஒரு கட்டத்துக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. 24 பேருக்கு ஆறு கட்டம். எட்டுப் பெட்டி வேண்டாம், ஐந்து போதும். போகும்போது ஒரு கால், வரும்போது மறுகால். ஒவ்வொரு பெட்டியிலும் ‘ஒன்று, இரண்டு’ எண்ணிவிட்டுத்தான் அடுத்த பெட்டி. இந்த எண்ணிக்கையை விட்டுவிட்டால் பிள்ளைகள் வேகத்தால் சமாளித்துப் போய்விடுவார்கள். சமநிலைக்கு வேலையே இருக்காது. உடம்பைச் சூடாக்குவதில் இது மெதுவானது. ஆகவே இதைத் தனியாகத் தராமல், ஓட்டத்துக்கோ ஆட்டத்துக்கோ பிறகு இரண்டு நிமிடம் சேர்ப்பது சரி.

பாடத்தையே மெதுவாகச் செய்வது

கால் வீச்சு, முழங்கால் உயர்த்தல், இடுப்புச் சுழற்சி, பிறகு அன்றைய கிக்கோ காலடியோ பாதி வேகத்தில், முக்கால் வேகத்தில், முழு வேகத்தில். 10 வயதுக்கு மேல் இதுவே சிறந்த தேர்வு. பெல்ட் தேர்வு நெருங்கும் வாரங்களில் நேரமும் மிச்சம். சிலம்பத்தில் கம்பில்லாமல் கால்மானம் (காலடி வைப்பு) மட்டும் இரண்டு நிமிடம், பிறகு கம்போடு மெதுவான சுற்று என்று போகலாம். கம்பை எடுத்தபின் ஒவ்வொருவருக்கும் இடையே கம்பின் நீளமும் கையின் நீளமும் சேர்ந்த இடைவெளி வேண்டும்.

காலைச் சுவர் பிடித்து முன்பின்னாக வீசுவது பக்கத்துக்குப் பத்து. முதல் மூன்று இடுப்புக்குக் கீழேயே நிற்கட்டும். காற்றில் கிக்கை முழு விசையோடு உதறுவது இங்கே பொதுவான தப்பு: தடுக்க பேடு இல்லாதபோது அந்த விசையை முழங்கால்தான் தாங்கிக்கொள்கிறது. சுற்று கிக்கில் ஊன்றிய பாதம் திரும்பாமல் உடம்பு மட்டும் திரும்பினாலும் சுமை அதே முழங்காலில்தான். 5, 6 வயதுக்கு இந்த முறை பொருந்தாது. இரண்டாவது நிமிடத்திலேயே கண் வெளியே போய்விடும்.

ஜூடோவில் விழும் பயிற்சி வார்ம்-அப்பின் ஒரு பகுதியாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும். குந்திய நிலையிலிருந்து பின்னால் சாய்ந்து, முகவாயை நெஞ்சோடு ஒட்டி, பெல்ட் முடிச்சைப் பார்த்தபடி, இரு கையாலும் மேட்டை அறைவது, பத்து முறை. முகவாய் நிமிர்ந்தால் பின்மண்டை தரையில் அடிக்கும். இதில் கவனிக்க வேண்டியது அது ஒன்றே. ஜூடோ மேட் இல்லாமல் செய்யக்கூடாது. வீட்டுக்கு வாங்கும், துண்டு துண்டாகக் கோக்கும் மெல்லிய ‘பசில்’ மேட் இதற்குப் போதாது.

உங்கள் வகுப்புக்கு எது?

கால்பந்தில் 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கென்று ஃபிஃபா 11+ கிட்ஸ் என்றொரு வார்ம்-அப் திட்டம் உண்டு. ஓட்ட ஆட்டம், ஒற்றைக்கால் நிலை, தாவல், தண்டால் வகை, உருண்டு விழுதல் என ஏழே பயிற்சிகள். நான்கு ஐரோப்பிய நாடுகளில் ஏறக்குறைய 3,900 பிள்ளைகளிடம் சோதித்து 2018-ல் வெளியான முடிவில், வழக்கமான வார்ம்-அப் செய்தவர்களைவிட இவர்களுக்குக் காயங்கள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தன. கவனித்தால், மேலே சொன்ன நொண்டி, தவளை, கரடி வகைகளேதான் அதில் வேறு உருவில் இருக்கின்றன. உட்கார்ந்து இழுக்கும் ஸ்ட்ரெட்ச்சிங் இல்லை. அதற்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். நம்மிடம் இருப்பது பத்து. ஆகவே கலந்துதான் எடுக்க வேண்டும்.

மேட் போட்ட ஹாலில் 5 முதல் 7 வயது: நான்கு நிமிடம் லாக் அண்ட் கீ, மூன்று நிமிடம் விலங்கு நடை, இரண்டு நிமிடம் ஒற்றைக்கால் ஆட்டம், கடைசி நிமிடம் மூச்சு.

பள்ளி கிரவுண்டிலோ அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலோ 6 முதல் 13 வயது கலந்த 25 பேர், சிமென்ட் தரை: இதுதான் எல்லோருக்கும் வாய்ப்பது, இதுவே கடினமானதும். மூன்று நிமிடம் விசில் ஓட்டம், மூன்று நிமிடம் தோள் தொடும் ஆட்டம் (உயரம் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும், வயது பார்த்து அல்ல), இரண்டு நிமிடம் நொண்டி, இரண்டு நிமிடம் கால் வீச்சும் மெதுவான கிக்கும். குதிப்பு, கையூன்றல் இரண்டும் குறைவு.

10 வயதுக்கு மேல், அன்றைக்கு ஸ்பாரிங்: இரண்டு நிமிடம் ஸ்கிப்பிங், மூன்று நிமிடம் முழங்கால் தொடும் ஆட்டம், ஐந்து நிமிடம் பாடத்தையே ஏறும் வேகத்தில்.

கட்டா (எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்யும் அசைவுகள்) மட்டும் நடக்கும் நாளுக்கு ஆட்டம் வேண்டாம். ஆடிக் கிளம்பிய பிள்ளைகளை மறுபடி அமைதிக்குக் கொண்டுவர ஆகும் நேரத்தில் கட்டாவை இரண்டு முறை முடித்துவிடலாம்.

போதுமான சூடு ஏறியதா என்று வியர்வையை வைத்துச் சொல்வது சென்னையிலும் மதுரையிலும் நடக்காது. ஏப்ரலில் சும்மா நின்றாலே சட்டை நனையும். மூச்சைக் கேளுங்கள்: பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. சிறு பிள்ளைகள் பெரியவர்களைவிடக் குறைவாக வியர்ப்பார்கள், வெளிச்சூட்டை உடம்பு எடைக்கு அதிகமாக வாங்குவார்கள். கோடையில் ஓட்டப் பகுதியைப் பாதியாக்கி, நடுவில் ஒருமுறை தண்ணீர் கொடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் காலை வகுப்பென்றால் நேர் எதிர்: மூன்று நிமிடம் கூட்டுங்கள், ஸ்வெட்டரைக் கடைசியில் கழற்றட்டும்.

கழுத்தை முழு வட்டமாகச் சுழற்றுவது, தலையை ஊன்றிப் பாலம் போடுவது, சிமென்ட்டில் முஷ்டித் தண்டால், ஒருவர் முதுகில் ஒருவர் ஏறிப் பஸ்கி: பழைய வகுப்புகளிலிருந்து வந்த இவற்றில் எதுவும் 12 வயதுக்குக் கீழ் தேவையில்லை. கழுத்துக்கு மேலே, கீழே, வலம், இடம் என்று மெதுவாகப் பார்த்தாலே போதும்.

தாமதமாக வரும் பிள்ளைக்கு 20 தண்டால் தண்டனை கொடுத்து நேராக வரிசையில் சேர்ப்பது பல இடங்களில் வழக்கம். தோளைத் தவிர வேறெதுவும் சூடாகாத அந்தப் பிள்ளை அடுத்த நிமிடம் உயர கிக் போடும். டிராஃபிக்கில் வண்டி மாட்டிக்கொண்டது பிள்ளையின் தப்பும் அல்ல. ஓரத்தில் ஒரு கயிறு வைத்திருங்கள்: ஒரு நிமிடம் தாண்டல், பக்கத்துக்குப் பத்து கால் வீச்சு, ஐந்து மெதுவான கிக், பிறகு வரிசை. மூன்று நிமிடத்தில் முடியும். மூத்த மாணவர் ஒருவரை இதற்கென்று நிறுத்திவிட்டால் மாஸ்டர் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை.